ஜிப்சிக்கு எத்தனை அங்குலம்?

ஜூன் 4

பழைய மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அது எப்படியும் 'லிஃப்ட்'டில், அதாவது பாடியை உயர்த்துவதில், வந்து நிற்கிறது. 1985இல் 970 சிசி எஞ்சினோடு வந்து, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். இந்த அமைப்பில் லிஃப்ட் தூக்குவது ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதை மட்டும்தான். ஆக்சிலும் அதில் புடைத்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தைச் சேர்ந்தவை. பாடியை ஓர் அடி உயர்த்தினாலும் அவை அதே உயரத்தில்தான் இருக்கும். பாறைத் தடத்தில் முதலில் அடிவாங்குவதோ அந்த டிஃபரன்ஷியல். அதை மேலே ஏற்ற ஒரே வழி டயர்தான். பிற்கால வடிவமான ஜிப்சி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் அது 733 மி.மீ. ஆகும். கூடுவதில் பாதிதான் தரை இடைவெளிக்குப் போகும் என்பதால் டிஃபரன்ஷியலுக்கு 33 மி.மீ. கிடைக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். கல் உரசுவதற்கும் உரசாமல் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே முதலில் டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும் பட்டை அமுங்கும்போதும் மட்கார்டில் உரசாதிருக்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான் லிஃப்ட்.

ஜூன் 7

லிஃப்டால் வண்டியின் வயிற்றுப் பகுதி உயருமே, மேட்டின் உச்சியில் தட்டாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2,375 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டிக்கு அந்த லாபம் உண்டு; முன்பக்கம் மேட்டில் முட்டுவதும் குறையும். ஆனால் அதற்கு ஒன்றரை, இரண்டு அங்குலமே தாராளம். அதற்குமேல் போனால் கணக்கு வேறு பக்கம் ஓடுகிறது. மலிவான வழி என்று, பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போடுகிறார்கள். பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால், இரண்டு அங்குல உயரத்துக்கு நான்கு அங்குலம் கூடுதல் நீளம் வேண்டும். ஜிப்சியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அந்த முனை இறங்கினால் ஆக்சிலே முன்னோக்கிச் சாயும், காஸ்டர் கோணம் குறையும். திருப்பத்தில் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நேர்ச்சாலையில் வண்டி அலையும். இன்னும் துணிந்தவர்கள் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை மேலே மாற்றி ஏறத்தாழ ஐந்து அங்குலம் உயர்த்துகிறார்கள். அதற்குப் பிறகு பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் ராடு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகவேண்டியதுதான். பிராபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடிக்கூடி யூ ஜாயின்ட் தேயும். உயரம் தேவையென்றால், சரியான வளைவோடு செய்த புதிய பட்டைகள் போடுவதே மேல், செலவு கூடுதல்தான்.

ஜூன் 11

டயருக்கும் விலை உண்டு, இலவசம் எதுவும் இல்லை. விட்டம் சுமார் 10 சதவீதம் கூடினால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை 9 சதவீதம் குறையும். ஆரம்பகால 970 சிசி எஞ்சினின் சக்தி வெறும் 45 குதிரைத்திறன். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். 80 குதிரைத்திறன் கொண்ட பிற்கால 1.3 லிட்டர் வண்டி சமாளிக்கும். காட்டுக்குள் லோ கியர் கைகொடுக்கும் என்று சமாதானம் சொல்வார்கள்; உண்மைதான், ஆனால் காட்டுக்குப் போகும் தார்ச்சாலையில் அது உதவாது. பிரேக்கிலும் இதே இழப்பு: அதே மிதிக்கு முன்பைவிட மெதுவாகத்தான் நிற்கும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும். இவ்வளவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்வது 235 வரைதான். அதற்குமேல் டிரான்ஸ்பர் கேஸ் கியரையே மாற்றாமல் போவது எஞ்சினை வதைப்பது.

ஜூன் 12

கவிழும் பயத்தை மிகை என்று தள்ள முடியாது. ஜிப்சியின் குட்டை வீல்பேஸ் தம்பியான சுசூகி சாமுராயை 1988 ஜூலையில் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' ஏற்கத்தக்கதல்ல என்று மதிப்பிட்டது. சுசூகி 1996இல் வழக்குப் போட்டது. 2004இல் அது சமரசமாக முடிந்தது. அந்தச் சோதனை நியாயமா என்பது தனிச் சண்டை. ஒல்லியான, உயரமான வண்டியை மேலும் உயர்த்தினால் கவிழும் வாய்ப்பு கூடும் என்பதில் சண்டைக்கு இடமில்லை. சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். அதனால் தினமும் சாலையில் ஓடும் ஜிப்சிக்கு நல்ல தடம் கொண்ட டயரும் சரியான காற்றழுத்தமும் போதும், லிஃப்ட் வேண்டாம். தோட்டத்துக்குள்ளும் போட்டித் தடத்திலும் மட்டும் ஓடும் வண்டியென்றால் 235 டயர், இரண்டு அங்குலம், புதிய பட்டை, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும், ஒர்க்‌ஷாப்பில் முன்பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.