அட்டாலியில ஒரு கருகல் வாசம்

போன சித்திரையில ஒரு ராத்திரி. சாப்பிட்டுட்டு வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். "ஏண்டா, ரப்பர் கருகற மாதிரி வாசம் வருதே"ன்னு அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாங்க. மெயினை அணைச்சுட்டு, டார்ச் லைட்டோட ஏணி போட்டு அட்டாலிக்கு ஏறினேன்.

எங்களுது ஓட்டு வீடு. ஓட்டுக்கு அடியில பலகை அடிச்ச அட்டாலி, அதாவது பரண். விதைக் கடலை மூட்டை, காலிச் சாக்கு, பழைய அண்டா எல்லாம் அங்கேதான். அப்பா காலத்தில் இழுத்த வயர், சட்டத்தோட ஓரமா ஓடுது. ஒரு இடத்தில் எலி கடிச்சு செம்பு தெரிஞ்சது. பக்கத்திலேயே முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட். டேப் உருகி, கீழே கிடந்த சாக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

எலியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பியூஸ் அடிக்கடி போகுதேன்னு தடியான கம்பியைப் போட்டு வெச்சது நான்தான். லைட்டுக்கு இழுத்த ஒல்லி வயர்ல கிரைண்டரையும் ஓட்டினோம். போக வேண்டிய பியூஸ் போகல. வயரும் ஜாயிண்டும் சூடாச்சு.

காலையில வயர்மேன் தம்பி வந்து பார்த்தார். "அண்ணா, சாதா பிவிசி வயரோட மேலுறை 70 டிகிரி வரைக்கும்தானுங்க. ஓட்டுச் சூடு ஏற ஏற வயர் தாங்குற கரண்ட் குறையும். காத்து போக வழி பண்ணுங்க" என்றார்.

பழைய வயரை முழுசா உருவிப் போட்டோம். லைட்டுக்கு 1.5, கிரைண்டர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனித்தனி லைன். எல்லாம் எலி பல்லு படாதபடி குழாய்க்குள்ளே. ஜாயிண்ட் எல்லாம் மூடி போட்ட பெட்டிக்குள்ளே. பியூஸுக்குப் பதிலா எம்சிபி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாத்தும், இரண்டும் வேணும். குண்டு பல்பை எடுத்துட்டு எல்இடி போட்டாச்சு.

சூடான காத்து மேலேதான் ஏறும். அதனால ஒரு பக்கச் சுவர்ல தாழ்வாவும், எதிர்ச் சுவர்ல முகட்டை ஒட்டி உயரமாவும் துவாரம் விட்டு, எலி நுழையாத கம்பி வலை அடிச்சோம். மூட்டையை வயரை விட்டுத் தள்ளி அடுக்கினோம். இப்ப மத்தியானம் ஏறினாலும் முன்னே மாதிரி மூச்சு முட்டல. கடலை விதையும் புழுங்கல.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு நாள் மெயினை அணைச்சுட்டு, டார்ச்சோட ஏறிப் பாருங்க. வயர்ல மட்டும் கை வைக்காதீங்க, அதுக்குத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

அந்தக் கருகின சாக்கை நான் இன்னும் தூக்கிப் போடல. அது கிடந்த இடத்துக்கு நேர் கீழேதான் அம்மா தினமும் பாய் விரிப்பாங்க.