விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருப்பவர்களுக்கு

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால் எங்கள் புதுப்பட்டினத்தில் பல வீடுகளில் மொட்டை மாடிதான் படுக்கையறை. கடல் பக்கத்தில் இருந்தும் புழுக்கம் போகாது. அதே நாட்களில், மே 5, 6 தேதிகளை ஒட்டி, கிழக்கு வானத்தில் எரிநட்சத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக விழுகின்றன. டிசம்பர் மத்தியில் விழுகிற அளவு இருக்காது. நம் வீட்டு மாடியிலிருந்து மணிக்குப் பத்து தெரிந்தால் நல்ல கணக்கு. சின்ன மழைதான், ஆனால் ராத்திரி எப்படியும் விழித்திருக்கிற தாய்மார்களுக்கென்றே வந்தது போல ஒரு மழை!

2024-ம் வருஷம் என் மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று வாரம். ராத்திரி பால் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்னடி?" என்றால் பதில் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். பிள்ளை பெற்ற புதிதில் மனசு இப்படிச் சோர்வது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் சகோதரிகளே, தானே சரியாகிவிடும் என்று விடக்கூடாது. நாங்களும் காட்டினோம். பகலில் தூங்க விடுங்கள், தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

மே 6 விடியற்காலை, மூன்று மணிப் பால் கொடுத்தானதும், "வா, மாடிக்குப் போகலாம்" என்றேன். என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"பச்சை உடம்புக்காரியை இந்நேரத்துக்கு மேலே கூட்டிட்டுப் போறியா? காத்து கருப்பு அண்டும். எரிநட்சத்திரம் பாக்கறதே ஆகாது."

"அது வெறும் தூசி அத்தை" என்றேன்.

உண்மையும் அதுதான். ஹாலி வால் நட்சத்திரம் போகிற வழியெல்லாம் தூசியை உதறிவிட்டுப் போகிறது. மே மாதத்தில் நம் பூமி அந்தத் தூசிக்குள் புகுந்து போகிறது. ரவை, கடுகு அளவுத் துகள்கள் விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி, நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இடிபட்டு வருகிறோம்! இதே தூசி அக்டோபரிலும் ஒரு முறை வரும். நமக்குத்தான் அப்போது மழை மேகம்.

சால்வையைப் போர்த்தி, காதுக்குப் பஞ்சு வைத்து (மாமியார் சமாதானத்துக்கு) கூட்டிப்போனேன். கல்பாக்கம் பக்கத்து விளக்கு வெளிச்சம் கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டி மறைவில் பாய் போட்டேன். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டோம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது வேண்டும். இடையில் டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து! அந்த வருஷம் சனி கும்பத்தில் இருந்தார், பெயர்ச்சி பலன் படித்திருப்பீர்களே. கடல் பக்கம் மினுக்காமல் மஞ்சளாக நின்றார். அந்தக் கும்ப ராசிப் பக்கமிருந்துதான் எரிநட்சத்திரங்கள் கிளம்புவது போலத் தோன்றும். அங்கேயே உற்றுப் பார்க்க வேண்டாம், மல்லாந்து படுத்து வானம் முழுவதையும் பார்த்தால் போதும்.

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேல் நீளமாக ஒரு கோடு, பின்னால் புகை மாதிரி ஒரு தடம். "அம்மா!" என்று என் கையைப் பிடித்தாள். நாலரைக்குக் கிழக்கு வெளுப்பதற்குள் ஒன்பது எண்ணினோம். நடுவில் அவளாகவே பேசினாள். "குழந்தை அழுதா எனக்குப் பயமா இருக்கும்மா, நான் சரியா பாத்துக்கலையோன்னு" என்றாள். அவ்வளவு நாளாக அதை அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

இறங்கி வந்தபோது குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாமியார் விழித்தே இருந்தார். "போய்ப் பச்சை மரத்தைப் பாத்துட்டு வா" என்று பேத்தியிடம் சொன்னார். முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "எத்தனை விழுந்துச்சு?" என்றார் மெதுவாக.

2027-ல் மே 6 அமாவாசை, நிலா வெளிச்சமே இருக்காது. பேரனுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருக்கும். இரண்டு பாய் போட வேண்டும்.