பழைய ஜீப்பும் புதிய கணக்கும்

நெடுநாள் உழைத்த ஒரு பொருளை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சு ஓர் இல்லத்தில் எழுந்தால், அது பணத்தில் தொடங்கும்; ஆனால் பணத்தோடு முடிவதில்லை. நன்றியும் பழக்கமும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற எண்ணமும் ஒவ்வொன்றாக வந்து அப்பேச்சில் கலந்துகொள்ளும். எங்கள் இல்லத்தில் சில மாதங்களாக நடந்துவரும் பேச்சு ஒரு ஜீப்பைப் பற்றியது. 1996-இல் வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 அது. நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு முந்தைய ஆண்டு அது.

கொல்லிமலையின் அடிவாரத்தில் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. மலைமேல் உள்ள உழவர்களிடம் மிளகும் காப்பியும் வாங்கிச் சேலத்தில் விற்கும் சிறு வணிகமும் உண்டு. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை அந்த ஜீப் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்று யாரும் எண்ணி வைத்ததில்லை. ஏறும்போது அரிசி, உப்பு, உரம். இறங்கும்போது மிளகு மூட்டை, பலாப்பழம், சில நாள்களில் நோயாளிகள். மலையில் சில சிற்றூர்களில் வண்டி கண்ணில் படுமுன்னே அதன் ஓசையைக் கொண்டு இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

ஜீப்பின் வரலாறும் சுவையானது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் வண்டியே இதன் முன்னோடி. 1945-இல் மஹிந்திரா சகோதரர் இருவரும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மஹிந்திரா அண்டு முகமது’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். நாடு பிரிந்தது, குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சராகவும், பின்னர் தலைமை ஆளுநராகவும் ஆனார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என மாறியது. போருக்கெனப் பிறந்த அவ்வண்டி நம் நாட்டில் உழவருக்கும் வனத்துறையினருக்கும் மலைவாழ் மக்களுக்கும் உழைக்கத் தொடங்கியது. 2010-இல் வந்த ‘தார்’ இம்மரபின் தொடர்ச்சியே. 2020 அக்டோபரில் அதன் புதிய வடிவம் வெளிவந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு இப்புதிய வடிவத்தைச் சுற்றியே நடந்தது.

பழைய வண்டியின் சார்பில் வழக்காடியவர் எங்கள் மெக்கானிக். “ஐயா, இஞ்சினப் பிரிச்சு ஒரு தடவ வேலை பார்த்துட்டா, இன்னும் பத்து வருஷம் ஓடுமுங்க” என்றார். அவர் சொல்வதில் பொய்யில்லை. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாடறிந்தவை. இரும்பைப் பற்ற வைப்பதும், தேய்ந்ததைக் கடைந்து பொருத்துவதும் இம்மண்ணின் கைத்திறன். பியூஜோ வழிவந்த எங்கள் டீசல் இஞ்சினில் கணினி எதுவும் கிடையாது. நடு மலையில் நின்றுபோனாலும் ஒரு ஸ்பானரும் சிறிது பொறுமையும் இருந்தால் வீடு திரும்பலாம்.

புதிய வண்டியோ அப்படியன்று. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி டீசல் வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. மெதுவாகவும் குறுந்தொலைவுமே ஓடும் வண்டியில் அது கரியால் அடைத்துக்கொள்ளும். இடையிடையே சற்று விரைவாகத் தொடர்ந்து ஓட்டினால்தான் சூடேறித் தூய்மையாகும். வாரந்தோறும் சேலம் நெடுஞ்சாலையில் செல்லும் எங்களுக்கு அது பெருந்தடையன்று. தோட்டத்திற்குள் மட்டுமே வண்டி ஓட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இனிச் செலவுக் கணக்கு. பதினைந்து ஆண்டுகள் கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-இல் அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. 2025-இல் இருபது ஆண்டு கடந்த கார், ஜீப் போன்றவற்றிற்கு 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. ஆயினும் நான்கு சக்கர இயக்கமுள்ள புதிய வண்டியின் விலை பத்து இலட்சத்தைத் தாண்டும்போது, இக்கட்டணம் மிகச் சிறிதே. பணத்தை மட்டும் பார்த்தால் பழைய வண்டியே வெல்லும்.

நான்கு சக்கர இயக்கம் இனியும் தேவையா என்றும் கேட்டுக்கொண்டோம். மலைச்சாலை தார்ச்சாலையாகிப் பல்லாண்டுகள் ஆயின. கடந்த மழைக்காலத்தில் அந்த இரண்டாம் நெம்புகோலை இழுத்தது மூன்றே முறை. இரண்டு, தோட்டத்துச் சேற்றில். மூன்றாவது, தார்ச்சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கும் ஒரு சிற்றூரில், நெஞ்சுவலியால் துடித்த முதியவர் ஒருவரை அழைத்துவர. அந்த ஒரு முறைக்காகவே இவ்வியக்கம் தேவை என்று முடிவு செய்தோம். விலை குறைந்த சிறு கார் என்ற யோசனை அத்துடன் நின்றது.

இந்நிலையில்தான் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: “வண்டி நமக்கு உழைச்சது சரிங்க. முன்னால உட்கார்றது நீங்க. பின்னால உட்கார்றது யாரு?”

பேச்சின் போக்கே மாறியது. பின்னால் இருப்பவை எதிரெதிரான இரு பலகை இருக்கைகள், வார்ப்பட்டை கிடையாது. மலையிறங்கும்போது அங்கே அமர்பவர்கள், மருத்துவமனைக்கோ சந்தைக்கோ செல்லும் மலை மக்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடி தளரும். ஆகவேதான் ஏறிய கியரிலேயே இறங்கு என்பது ஓட்டுநர்களின் பாடம். பழகிய கை இருக்கும்வரை அது போதும். அக்கை தளரும் நாளில்? புதிய தாரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் காற்றுப்பைகளும் உள்ளன. பின்னிருக்கையில் அமர்வோர் முன்னோக்கி அமர்ந்து வார் அணியலாம். 2020-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் அது ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. மேலும், எங்கள் ஜீப் ஏற்றத்தில் விடும் கரும்புகையைச் சுவாசிப்பவர் முன்னிருக்கையில் இருப்பவரல்லர். பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவர்.

பழையதைப் பேணுவது நற்பண்பு. ஒரு புதிய வண்டியைச் செய்வதற்கும் இரும்பும் எரிபொருளும் வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும் பேணுவதன் விலையை நாம் செலுத்துகிறோமா, நம்மை நம்பி ஏறுபவர்கள் செலுத்துகிறார்களா? வரவுசெலவு ஏட்டில் இதற்கு இடமில்லை. ஆனால் முடிவு செய்ய வேண்டியது இதுவே.

கொல்லிமலைக்கு உழைத்த எவ்லின் பிராண்ட் அம்மையாரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டின் தாயார் அவர். கணவர் ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்த பின்னும் அவர் மலைப்பணியைக் கைவிடவில்லை. நடை தளர்ந்த முதுமையில் இரு கழிகளை ஊன்றியும், குதிரை மீதேறியும் மலையூர்களுக்குச் சென்றார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். செல்லும் முறை மாறியது. யாரை நாடிச் சென்றாரோ அவர்கள் மாறவில்லை. ஊர்தியை மாற்றுவது நன்றி மறப்பதாகாது என்ற தெளிவை அவர் வாழ்வு எங்களுக்குத் தந்தது.

புதிய வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டோம். பழையதை விற்கவில்லை, விற்றால் அதே பலகை இருக்கையில் வேறு யாரோ அமர்வர். பதிவை நீக்கி, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிற்கு அளிக்க இருக்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும் அந்த இஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பிள்ளைகள் தொழில் கற்கலாம்.

செய்தியைச் சொன்னபோது மெக்கானிக் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “புது வண்டிக்கு என் கை வேண்டியதில்லீங்களே” என்றார். அதற்கு எங்களிடம் முழுமையான மறுமொழி இல்லை. மலைப் பயணிகளுக்கு நன்மையான முடிவு, முப்பது ஆண்டு எங்களுக்காக எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையிலிருந்து வேலையைப் பறிக்கிறது. அந்தப் பயிற்சி நிலையத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் அவரே கற்றுத்தர இயலுமா என்று கேட்டிருக்கிறோம். நிலையத்தார் இசைந்துள்ளனர், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.