அத்தான் மருந்து மாற்றிய கதை

எங்கள் புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். என் அக்காள் கணவர் அப்படிப்பட்ட சொல்தா. 1962 ஆகஸ்டில் ஊர் ஒப்படைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் அப்பா கொடுக்கவில்லை. அதனால் அவர் பட்டாளம் போய் தூலோனில் வீடு வாங்கினார். நான் பிரெஞ்சில் படித்துவிட்டு இங்கே அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் பில் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு 2012-இல் அக்காவைப் பார்க்கத் தூலோன் போயிருந்தேன். அத்தானுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. சீட்டாட்டம் கிடையாது, குடி கிடையாது. துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை காலை காகித அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். ப்ரெஃபெக்சரில் முறையாக அனுமதி வாங்கி இரண்டு ரிவால்வர் வைத்திருந்தார். ஒன்று மனுரேன் எம்.ஆர். 73, பிரான்சிலேயே செய்தது, இரும்புக் கோட்டை. மற்றது நண்பரிடம் வாங்கிய பழைய சின்ன .38. பேரப்பிள்ளை சங்கத்துக்கு வந்தால் கனம் குறைந்த அதைத்தான் கொடுப்பார்.

கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாது என்று தானே தோட்டா கட்டுவார். அங்கே அது சட்டப்படி சரிதான். சுட்ட பிறகு பித்தளைக் கூடு வீணாவதில்லை. பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு வைக்க வேண்டும் (தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). பிறகு மருந்து, அதன் மேல் ஈயக்குண்டு, ஓர் அழுத்து. கார் நிறுத்தும் அறையில் மேஜை போட்டு, ஐம்பது குழி உள்ள மரக்கட்டையில் கூடுகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்.

"எல்லா வேலையும் சுலபம் மச்சான். எந்த மருந்து என்பதில்தான் மூளை வேண்டும்" என்பார்.

அவர் எனக்குச் சொல்லித் தந்தது இது. 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். வெடிபஞ்சைக் கரைத்து, மாவு போல் பிசைந்து, தகடாக உருட்டி, சிறு செதிலாக வெட்டினார். செதில் மெல்லியதானால் குபீரென்று எரியும், தடித்ததானால் நின்று எரியும். வைக்கோலுக்கும் வேலமர விறகுக்கும் உள்ள வித்தியாசம். நீண்ட குழலுள்ள ரைஃபிளுக்கு விறகு வேண்டும். ரிவால்வர் குழல் ஒரு சாண்கூட இருக்காது. குண்டு வெளியே போவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். அங்கே தடித்த மருந்தைப் போட்டால் பாதி எரியாமல் வாய் வழியே தீப்பிழம்பாகப் போய்விடும். ஆகவே ரிவால்வருக்கு வைக்கோல் ஜாதி.

வில்லங்கம் அதில்தான் இருக்கிறது. .38 தோட்டாக் கூடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. கறுப்பு மருந்துக்காக அளவு வைத்தது. கறுப்பு மருந்து கூடு நிறையத் தேவைப்படும். புதிய வேக மருந்தோ கால் கிராமுக்கும் குறைவு. கூட்டின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் வழியாது. மேலே குண்டை வைத்துவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் மருந்து போட்டதும் டார்ச் அடித்து ஐம்பது கூட்டிலும் மட்டம் ஒன்றா என்று பார்த்த பிறகே குண்டு வைப்பார்.

அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அம்மா வீட்டுப் பாகத்தைப் பற்றி வாயைத் திறந்தேன். அக்காவுக்கு என்ன பங்கு, யார் வரி கட்டியது, யார் கூரை மாற்றியது. அத்தான் கையில் கூட்டை வைத்துக்கொண்டே குரல் உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் பேசிக்கொண்டே மருந்து போட்டார், பேசிக்கொண்டே குண்டு வைத்தார். டார்ச் எடுத்தாரா என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம். மருந்தை எடுக்கும்போது நிறுப்பார், மிச்சத்தைத் திரும்பக் கொட்டும்போதும் நிறுப்பார். ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு என்று நோட்டில் எழுதுவார். கோபம் தணிந்ததும் நோட்டை என்னிடம் தள்ளி, "நீதான் கணக்குப்பிள்ளையாச்சே, கூட்டிப் பார்" என்றார். பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். ஐம்பது தோட்டா இருந்தது. ஐம்பத்தொரு தோட்டாவுக்கான மருந்து போயிருந்தது.

தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். "ஈயக்குண்டுக்குக் குண்டு, கூட்டுக்குக் கூடு எடை மாறும். அந்த வித்தியாசத்தில் இது ஒளிந்துகொள்ளும்" என்றார். பிளாஸ்டிக் சுத்தியல் போன்ற ஒன்றில் தோட்டாவைச் செருகி, கட்டையில் தட்டிக் குண்டைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் மருந்தைக் கிண்ணத்தில் கொட்டி நிறுத்தேன். முப்பத்தொன்றாவதில் இரண்டு மடங்கு வந்தது.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. மீதிப் பத்தொன்பதையும் பிரித்தார். பிரித்த மருந்தைத் தோட்டத்தில் தூவிவிட்டார்.

மனுரேன் அதைத் தாங்கியிருக்கும் என்று பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஞாயிறு பேரப்பிள்ளை வருவதாக இருந்தது. அந்தப் பழைய .38 தாங்கியிருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேக மருந்து டப்பாவை அன்றே மூடினார். வேறு மருந்து வாங்கினார், பொங்கிப் பெருத்த செதில். ஒரு பங்கு போட்டாலே கூட்டில் பாதிக்கு மேல் வரும். இரண்டாவது போட்டால் மேஜையில் வழியும். எரிவது கொஞ்சம் மெதுவாம், அட்டையில் புள்ளி சற்றுச் சிதறுகிறதாம். "பரவாயில்லை. நான் மறந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்" என்றார். நான் ஊர் திரும்பும் வரை அந்த அறையில் அவர் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பாகம் பற்றி அதன் பிறகு நாங்கள் பேசவே இல்லை. கேட்ட தாளில் அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஒரு நாள் மாலை துறைமுகப் பக்கம் நடந்தோம். 'லிபெர்த்தே' என்ற போர்க்கப்பல் 1911 செப்டம்பர் 25-ஆம் தேதி அங்கேதான் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். நாலு வருஷம் முன்பு அதே தூலோனில் 'இயேனா' என்ற கப்பல். இரண்டுக்கும் காரணம் வியேயின் மருந்து நாளாகி உள்ளுக்குள் கெட்டுப்போனது. "பார்க்க அப்படியே இருக்கும் மச்சான். வாசனையில்தான் தெரியும், புளித்த மாதிரி, காரமாக" என்றார். வீட்டுக்கு வந்ததும் பழைய டப்பாக்களை எல்லாம் முகர்ந்து பார்த்தார்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா போனில் அழுதாள். அடுப்பை அணைக்க மறக்கிறார், சாவியை மறக்கிறார் என்று. அத்தானே இரண்டு ரிவால்வரையும் விற்றுவிட்டு, தோட்டா கட்டும் சாமான்களைச் சங்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் வெள்ளை மருந்து ஒரு சிட்டிகை இல்லை. அதற்குப் பதில் 1858 மாடல் ரெமிங்டனின் நகல் ஒன்றை வாங்கினார். தோட்டாவே இல்லாத பழங்கால ரகம். சங்கத்தில் போய், உருளையின் ஆறு அறைகளிலும் கறுப்பு மருந்தைக் கொட்டி, உருண்டை ஈயத்தை நெம்புகோலால் அழுத்த வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கக்கூடாது. அதற்காக அங்கே எல்லோரும் ரவையைப் போட்டு நிரப்புகிறார்கள். ஆமாம், உப்புமா ரவைதான். இரண்டு தடவை மருந்து போட்டால் ரவைக்கும் குண்டுக்கும் இடம் இருக்காது. அந்த ரிவால்வரில் வெள்ளை மருந்து போட்டால் கை போய்விடும். வீட்டில் இல்லாததைப் போட முடியாது.

சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும். அதைச் சமையலறைத் தொட்டியில் கழுவுகிறார் என்பது அக்காவின் முதல் புகார். இரண்டாவது புகார், ரவை டப்பா எப்போது பார்த்தாலும் காலி.