டென்டனில் ஒரு மணி

டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் ஊரில், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஜாஸ் மாணவர்கள் தங்கள் குழுக்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு ஒத்திகை பார்ப்பது ‘ஒன் ஓ கிளாக் லேப் பேண்ட்’. அடுத்து இரண்டு மணி, மூன்று மணி என்று வரிசை போகிறது. ஒரு மணிக் குழுவில் இடம் பிடிப்பதுதான் எல்லோருடைய கனவும்.

ஒத்திகைக்கு முன் பயிற்சி அறை ஒன்றில் சாக்ஸபோன் மாணவர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். சார்லி பார்க்கரின் தனி வாசிப்பில் சில நொடித் துண்டு ஒன்றைக் கைபேசியில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, முதலில் வாயால் பாடினார். பாட்டு பிசகாமல் வந்த பிறகே கருவியை எடுத்தார். பார்க்கர் எங்கே மூச்சு வாங்கினார், எந்த ஸ்வரத்தை நாக்கால் தட்டினார், எதை விழுங்கினார் என்பதெல்லாம் அப்படியே வர வேண்டும். வந்தபின் அதையே பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்க வேண்டும். சுருதி மாறினால் விரல் போகும் வழியும் மாறிவிடும். மெட்ரோனோம் இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் தட்டியது; ஒன்றும் மூன்றும் அவர் உடம்பில் ஓட வேண்டும். நடுவில் ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி பூட்டினார். பெட்டியில் பத்து இருந்தால் மேடைக்கு இரண்டு மூன்றுதான் தேறும் என்றார்.

ராக ஆலாபனைக்குப் பின்னால் பல ஆண்டுக் கேள்வி ஞானம் இருப்பது நமக்குத் தெரியும். ஜாஸ் என்றால் மட்டும் ஏனோ தோன்றியதை வாசிப்பது என்று நினைத்துவிடுகிறோம். அந்த அறையில் அரைமணி உட்கார்ந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அமெரிக்காவில் ஜாஸுக்கான முதல் பட்டப்படிப்பு 1947இல் இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் ஜீன் ஹால். பட்டத்துக்கு அன்று ‘நடன இசைக்குழு’ என்று பெயர். அப்போது இந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. 1950களின் நடுவில்தான் கதவு திறந்தது. யாருடைய இசை பாடமானதோ அவர்களின் பிள்ளைகளே வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஜாஸ் படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது என் எண்ணம். 1960களில் இங்கே படித்து வெளியேறிய கறுப்பினக் கலைஞர் பில்லி ஹார்ப்பரின் சாக்ஸபோனைக் கேட்கும்போதெல்லாம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் யாரை இழந்தோமோ என்று மனம் கனக்கிறது.

ஒத்திகை நடக்கும் கூடத்துக்கு ஜாஸ் இசைக்குழுத் தலைவர் ஸ்டான் கென்டனின் பெயர். தம் குழுவின் இசைத்தாள்களை அவர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுச் சென்றார். சாக்ஸபோன், டிரம்பெட், டிரோம்போன் வரிசைகள் முழங்கியபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இயக்குநர் கையைத் தூக்கி நிறுத்தினார். டிரோம்போன்கள் மட்டும் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தன. குழு முழுவதும் சேரும்போது முதல் டிரம்பெட்காரர் ஸ்வரத்தை வெட்டும் இடத்திலேயே எல்லோரும் வெட்ட வேண்டும். ஒருவர் இழுத்தாலும் காதில் கரகரக்கிறது.

ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் இங்கே ஜாஸ் பியானோ படித்தவர்; பாதியில் நியூயார்க் போய்ப் புகழ் பெற்றார். மாணவர்களின் கணக்கு வேறு. டிரோம்போன் வாசிக்கும் பெண் ஒருவர், படிப்பு முடிந்ததும் பள்ளி பேண்ட் ஆசிரியையாகப் போவதாகச் சொன்னார். வார இறுதிகளில் இப்போதே டல்லாஸ் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறார். அந்த வருமானத்தில்தான் வாடகை போகிறது.