எட்டயபுரத்துக்கு வந்த வயலின்

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாடு போயிருந்தோம். மதுரை, இராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று வழக்கமான பட்டியல்தான். எட்டயபுரம் மட்டும் என் விருப்பம். பாரதி பிறந்த வீட்டை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பயணம் முழுவதும் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. படிவம் நான்கில் படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து கிள்ளானில் ஓர் ஆசிரியையிடம் கர்நாடக வயலின் கற்கிறாள். பள்ளி இசைக்குழுவிலும் வயலின்தான். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். என்பதால், "இரண்டில் ஒன்றை விட்டுவிடு" என்றேன். "எதை?" என்று கேட்டாள். "வயலினே வெள்ளைக்காரன் வாத்தியம்தானே? பள்ளியில் வாசிப்பது போதும். சான்றிதழாவது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். சாலையின் இருபுறமும் கரிசல் மண். மழை காணாமல் வெடித்துக் கிடந்தது. பாரதி இல்லத்தையும் மணிமண்டபத்தையும் பார்த்து முடித்தபோது, வேன் ஓட்டுநர் கேட்டார்: "அண்ணாச்சி, முத்துசாமி தீட்சிதர் சமாதி பக்கத்துலதான் இருக்கு. பாப்பா வயலின் வாசிக்கும்னீங்களே, பாத்துட்டுப் போயிருவோமா?"

எனக்கு ஆச்சரியம். தியாகராஜர், சியாமா சாஸ்திரிகள், தீட்சிதர் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது தெரியும். திருவாரூர்க் கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகளைப் பாடியவர், காவிரிக் கரையை விட்டு இந்தக் காய்ந்த பூமிக்கு ஏன் வந்தார்?

பின்னிருக்கையிலிருந்து பதில் வந்தது. "அவருடைய தம்பி இங்கே இருந்தார், அப்பா."

பல நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை அது. ஆசிரியை சொல்லித் தந்ததாம். தீட்சிதரின் குடும்பம் சில காலம் சென்னையை அடுத்த மணலியில், ஒரு முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. பக்கத்திலேயே ஆங்கிலேயரின் கோட்டை. அங்கே ஒலித்த பேண்டு வாத்திய இசையைத் தீட்சிதர் காதை மூடிக்கொண்டு ஒதுக்கவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். ஏறத்தாழ 40 சிறு பாடல்கள். நோட்டு ஸ்வரங்கள் என்பார்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு.

தம்பி பாலுசாமி தீட்சிதர் ஒரு படி மேலே போனார். ஐரோப்பிய வயலினை முறையாகக் கற்று, அதில் நம் இராகங்களை வாசித்துக் காட்டினார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானும் ஆனார். தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வரில் ஒருவர் வடிவேலு. அவரும் வயலினைத் திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டுபோனார். வாத்தியம் அதேதான். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது யாருடைய வாத்தியம்?

அவள் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

சமாதியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. 1835 தீபாவளி நாளில் தீட்சிதர் இந்த ஊரில்தான் காலமானார். அவர் இங்கே வரும் வழியில் வாடிய பயிரைக் கண்டு அமிர்தவர்ஷினி இராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. ஓட்டுநர் அதைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒரு மேகம்கூட இல்லை.

தீட்சிதர் போனபின்பும் அவர் பாடல்களைக் காத்தது இதே ஊர்தான். பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்திலிருந்து 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை வெளியிட்டார். தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் சுரக்குறிப்புடன் உள்ளன. அவர் 1906இல் மறைந்தபோது இரங்கற்பா எழுதியவர் வேறு யாருமல்ல, இதே ஊர்ப் பிள்ளையான பாரதி. பாரதியைத் தேடி வந்த நான், இந்தத் தகவல் தெரியாமலேயே திரும்பியிருப்பேன்.

மகள் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கையில் வயலின் இல்லை. இடது கை விரல்கள் மட்டும் முழங்கால் மேல் அசைந்துகொண்டிருந்தன. என்ன வாசிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. என் மனைவி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வேனில் ஏறும்போது, "சனிக்கிழமை வகுப்புக்குப் போ. கணித டியூஷனை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்றேன்.

"பள்ளி இசைக்குழு?"

"அதையும்தான். ஆனால் கைப்பேசியைக் குறைத்துக்கொள்."

சிரித்துவிட்டாள். மீதமிருந்த கடலை மிட்டாயில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினாள்.

எஸ்.பி.எம். தேர்வு எப்படிப் போகுமோ என்ற கவலை இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் வயலின் பெட்டியை வண்டியில் ஏற்றுவது இப்போது என் வேலை.