ஒரு ரூபாய் டோக்கன்

எங்கள் கௌதள்ளி எங்கே என்று யாராவது கேட்டால், "மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழி" என்பேன். 1997 வரை மைசூர் மாவட்டம், பிறகு சாமராஜநகர். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய வைத்தியம் என்றால் மலையைத் தாண்டி, மேட்டூர் வழியாகத் தமிழ்நாடுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. கூட இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். மாமாவுக்குத் துணையிருந்த அத்தை "பசிக்கலை" என்றே ஒரு வாரம் ஓட்டினார். பசிக்காமல் இருக்குமா என்ன!

அதனால்தான் ஈரோடு வெங்கட்ராமனைப் பற்றிப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரசு மருத்துவமனை அருகே ஏ.எம்.வி. ஹோம்லி மெஸ் நடத்தியவர். 2007-இல் ஒரு வயதான அம்மா இட்லி வாங்க வந்தார். இட்லி தீர்ந்திருந்தது. பத்து ரூபாய்க்கு மூன்று தோசைதான் வரும் என்றதும் அவர் தயங்க, ஆறாகக் கட்டிக் கொடுத்தார். அதன்பிறகு நோயாளிகளின் துணைக்கு வந்தவர்களுக்கு ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு வழக்கமான விலை.

பேங்கில் கணக்குப் பார்க்கிறவன் நான். அந்த ஒரு ரூபாய் வரவில் உப்புக்கூட வராது. ஆனால் காசு கொடுத்தவர் வாடிக்கையாளர். அத்தை மாதிரி ஆட்கள் இலவச வரிசையில் நிற்கவே மாட்டார்கள்.

இன்னொன்று, டோக்கன். அதை ஆஸ்பத்திரி ஊழியர்கள் மூலம் கொடுத்தார். யாருக்குத் தேவை என்று கல்லாவில் உட்கார்ந்து விசாரிக்கவில்லை. ஒரு சின்னக் கடனுக்கு நாங்கள் கேட்கிற காகிதங்களை நினைத்தால்... சிரிப்புதான் வருகிறது.